கைப்பையில் இணையம், வழியெங்கும் தடம்

1983 செப்டம்பரில் ஸ்டீவன் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கர் ஒஹாயோவின் கொலம்பஸ் நகரிலிருந்து சைக்கிளில் கிளம்பினார். சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் நீண்ட வண்டி. மூட்டை முடிச்சுகளோடு டிஆர்எஸ்-80 மாடல் 100 என்ற கணினியும் இருந்தது. நான்கு பென்டார்ச் பேட்டரியில் ஓடும், எட்டு வரி காட்டும் திரை, உள்ளேயே 300 பாட் மோடம். வழியில் பொதுத் தொலைபேசி கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்துவார். அதன் வழியே கம்ப்யூசர்வ் என்ற கணினித் தகவல் சேவைக்குள் நுழைந்து எழுதியதை அனுப்பிவிட்டு மறுபடி மிதிப்பார். இப்படியே பல ஆயிரம் மைல். இன்று தங்களை ‘டிஜிட்டல் நாடோடி’ என்று சொல்லிக்கொள்கிறவர்களுக்கெல்லாம் அவரே முப்பாட்டன்.

ராபர்ட்ஸ் ஒளிந்து திரிந்தவரல்ல; தன் பயணத்தைத் தானே எழுதி ஊரறியச் செய்தவர். ஆனால் அன்றைய நிலைமையில் ஒன்று கவனிக்கத்தக்கது. அவர் யார் என்பது கம்ப்யூசர்வுக்குத் தெரியும், சந்தா கட்டியவராயிற்றே. எந்த ஊரில் எந்தக் கடை வாசலில் நிற்கிறார் என்பதை அவராகச் சொன்னால்தான் உண்டு. நாற்பது ஆண்டுகளில் இது தலைகீழாகிவிட்டது. நாம் எழுதுவதும் பேசுவதும் இப்போது பெரும்பாலும் மறைகுறியாகத்தான் போகின்றன. நாம் இருக்கும் இடமோ யாரும் கேட்காமலே பல பேரேடுகளில் ஏறிக்கொண்டிருக்கிறது. பயணிகளுக்கென்று விற்கப்படும் அந்தரங்கப் பாதுகாப்புச் சாமான்களில் பெரும்பகுதி, பூட்டிய வாசலுக்கு இரண்டாவது பூட்டு மாட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பவை என்பது என் கருத்து. அவற்றைத்தான் இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில் பொது வைஃபை. அதைக் கண்டு அஞ்சச் சொல்லும் அறிவுரை ஒரு காலத்தில் முழு உண்மையாக இருந்தது. 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்ற புரோகிராமர், ஃபயர்பாக்ஸ் பிரவுசருக்காக ஃபயர்ஷீப் என்ற சிறு இணைப்பை வெளியிட்டார். காபிக் கடையில் உட்கார்ந்து ஒரு பட்டனை அழுத்தினால் போதும். அதே வைஃபையில் ஃபேஸ்புக், ட்விட்டர் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் பெயரும் படமும் ஓரத்தில் வரிசையாக வந்து நிற்கும். படத்தை இருமுறை தட்டினால் அவர் கணக்குக்குள் நேராகப் போய்விடலாம், பாஸ்வேர்டு வேண்டியதில்லை. அன்று பல தளங்கள் லாகின் பக்கத்தை மட்டும் மறைகுறியாக்கிவிட்டு, அதன்பின் ஆளை அடையாளம் காட்டும் குக்கியை வெளிப்படையாக அனுப்பிக்கொண்டிருந்தன. அந்த நிறுவனங்களை வெட்கப்பட வைக்கவே பட்லர் அதை வெளியிட்டார், பலித்தது. 2015 இறுதியில் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இணையதளங்களுக்கு மறைகுறியாக்கத்துக்கான சான்றிதழை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. 2018 ஜூலையில் குரோம் பிரவுசர், எச்டிடிபிஎஸ் என்ற மறைகுறி முறை இல்லாத தளங்களையெல்லாம் ‘பாதுகாப்பற்றது’ என்று முகவரிப் பட்டையிலேயே எழுதிக் காட்ட ஆரம்பித்தது. இன்று ரயில் நிலைய வைஃபையில் வங்கிச் செயலியைத் திறப்பவர் எந்த வங்கியோடு பேசுகிறார் என்பது வேண்டுமானால் பக்கத்து பெஞ்சுக்காரருக்குத் தெரியலாம். கணக்கு எண்ணும் இருப்பும் தெரியாது. ‘ஏர்போர்ட் வைஃபையில் உங்கள் பாஸ்வேர்டு பறிபோகும்’ என்று யூடியூபில் வரும் விளம்பரம் பத்து வருடம் பழையது.

ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2014 நவம்பரில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் ‘டார்க்ஹோட்டல்’ என்ற உளவுக் கும்பலைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. ஆசியாவின் சொகுசு ஹோட்டல்களில் தங்கும் கம்பெனி உயரதிகாரிகளே அவர்களின் குறி. விருந்தினர் அறையின் வைஃபையில் நுழைந்ததும், தெரிந்த மென்பொருள் ஒன்றுக்குப் புதுப்பிப்பு வந்திருப்பதாக ஒரு பெட்டி தோன்றும். ‘சரி’ என்று அழுத்தினால் உளவு நிரல் உள்ளே இறங்கிவிடும். இதற்கு மாற்று மருந்து காசில்லாதது: எல்லாவற்றையும் வீட்டிலேயே புதுப்பித்துவிட்டுக் கிளம்ப வேண்டும், வழியில் வரும் எந்தப் புதுப்பிப்புப் பெட்டியையும் தொடக் கூடாது.

இந்தியாவில் பொது வைஃபையின் பிரச்சினை வேறு. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன்பு வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவர் வீட்டிலிருந்த பூட்டில்லாத வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. இதையடுத்து 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, ஆளை அடையாளம் காணாமல் பொது வைஃபை கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. ரயில் நிலையத்திலோ விமான நிலையத்திலோ இணைப்பு கேட்டவுடன் செல்பேசி எண்ணைக் கேட்டு ஓடிபி வருவதன் காரணம் இதுதான். அந்த எண்ணோ ஆதாரைக் காட்டி வாங்கிய எண். ஆக, இங்கே பக்கத்து இருக்கைக்காரரைவிட வைஃபை கொடுப்பவருக்குத்தான் நம்மைப் பற்றி அதிகம் தெரியும்.

இந்த இடத்தில்தான் விபிஎன் விற்பவர்கள் வருகிறார்கள். விபிஎன் என்பது நம் கருவிக்கும் எங்கோ இருக்கும் ஒரு சர்வருக்கும் நடுவே மறைகுறியாக்கிய குழாய் போடுகிறது. ஹோட்டல்காரருக்குத் தெரிந்திருக்கக்கூடியது இனி விபிஎன் கம்பெனிக்குத் தெரியும். நம்பும் ஆள் மாறுகிறார், அவ்வளவே. அந்த ஆள் யார் என்று விசாரிக்காமல் நம்பியவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஃபேஸ்புக் 2013இல் ஒனாவோ என்ற கம்பெனியை வாங்கி, ‘உங்களைப் பாதுகாக்கிறோம்’ என்று அதன் விபிஎன்னைக் கொடுத்தது. மக்கள் எந்தப் போட்டிச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று அதன் வழியே கணக்கெடுத்தது. 2018 ஆகஸ்டில் ஆப்பிளின் கண்டிப்பால் ஆப் ஸ்டோரிலிருந்து அதை எடுக்க வேண்டி வந்தது. 2020 ஜூலையில், ‘பதிவே வைப்பதில்லை’ என்று விளம்பரம் செய்த ஹாங்காங் சார்ந்த ஏழு விபிஎன் சேவைகளின் பதிவுகள் 1.2 டெராபைட் அளவுக்கு இணையத்தில் திறந்து கிடந்தன. இந்தியாவில் 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, விபிஎன் கம்பெனிகள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன், சர்ஃப்ஷார்க் மூன்றும் இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை மூடிவிட்டன.

குழாயே ஒழுகவும் கூடும். எந்த வைஃபையில் சேர்ந்தாலும், டிஎச்சிபி என்ற முறையில் ரவுட்டர் நம் கருவிக்கு ஓர் ஐபி முகவரி கொடுக்கிறது. அதோடு சேர்த்து, ‘இன்னின்ன முகவரிகளுக்குப் போக இந்த வழியைப் பிடி’ என்று சொல்லவும் அதில் இடமுண்டு. அந்த வசதியின் எண் 121. வலையைக் கையில் வைத்திருப்பவர் இதைக் கொண்டு நம் தரவைக் குழாய்க்கு வெளியே திருப்பிவிட முடியும் என்று 2024 மே மாதம் லெவியத்தன் செக்யூரிட்டி நிறுவனத்தார் காட்டினார்கள். இந்த உத்திக்கு டனல்விஷன் என்று பெயர். தரவு வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே விபிஎன் செயலி ‘இணைப்பில் உள்ளது’ என்று பச்சை காட்டிக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டு அந்த 121ஐக் கண்டுகொள்வதே இல்லை என்பதால் அது மட்டும் தப்பியது.

விவரம் தெரிந்த பயணிகள் அடுத்து எடுப்பது பயண ரவுட்டர். உள்ளங்கையில் அடங்கும், பவர்பேங்கிலேயே ஓடும். ஹோட்டல் வைஃபையை அது வாங்கிக்கொண்டு, தன் பெயரில் தனி வைஃபை ஒன்றை நமக்குத் தரும். போன், லேப்டாப், டேப்லெட் எல்லாம் அதன் பின்னால் இருக்க, ஹோட்டல் வலைக்கு ஒரே ஒரு கருவிதான் தெரியும். விபிஎன்னையும் ரவுட்டரிலேயே ஏற்றிவிடலாம். 2020 மார்ச்சில் லினக்ஸுக்குள்ளேயே சேர்க்கப்பட்ட வயர்கார்டு என்ற விபிஎன் முறை வந்தபின் இது மிகவும் எளிதாகிவிட்டது. வீட்டில் ஒரு சிறு சர்வர் வைத்து, எந்த ஊரிலிருந்தும் வீட்டு இணைப்பின் வழியே வெளியே போகிறவர்களும் உண்டு. திருட்டுக்கண்ணிலிருந்து அது காக்கும். ஆனால் போகிற இடமெல்லாம் வீட்டு முகவரியைக் காட்டிக்கொண்டு போவதுதான் அது, தலைமறைவு ஆகாது.

நடைமுறையில் ஒரு சிக்கல் வரும். அறையில் ரவுட்டரைப் போட்டதும் ஹோட்டலின் லாகின் பக்கம் வர வேண்டும். விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் வராது. ஆகவே விபிஎன்னை அணைத்து, பக்கத்தைத் திறந்து, அறை எண்ணையும் பெயரையும் தட்டி, இணைப்பு கிடைத்தபின் மறுபடி விபிஎன்னைப் போட வேண்டும். இடையில் அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தில் போனிலும் லேப்டாப்பிலும் காத்திருந்த இருபது முப்பது செயலிகள் மின்னஞ்சல், புகைப்படம், வானிலை என்று முண்டியடித்துக்கொண்டு வெளியே ஓடிவிடும். லாகின் முடியும்வரை மற்றக் கருவிகளை விமானப் பயன்முறையில் வைத்தால் சரியாகிவிடும். செய்கிறவர்கள் குறைவு.

இதைவிடப் பெரிய ஓட்டை ரவுட்டருக்குள்ளேயே இருக்கிறது. எந்த வைஃபை ரவுட்டரும் நொடிக்குச் சுமார் பத்து முறை ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று தன் வன்பொருள் முகவரியைச் சொல்லிக்கொண்டிருக்கும். பாஸ்வேர்டு போட்டிருந்தாலும் இந்தக் கூவல் எல்லாருக்கும் கேட்கும். தெருவில் போகும் ஐபோன்களும் ஆண்ட்ராய்டு போன்களும் அதைக் கேட்டு, அந்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியோடு ஆப்பிளுக்கும் கூகுளுக்கும் அனுப்புகின்றன. கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் கிடைக்காதபோதும் வரைபடம் நம்மைச் சரியாகக் காட்டுவது இந்தத் தரவுத்தளத்தால்தான். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் எரிக் ரை, டேவ் லெவின் இருவரும் 2024இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. ஒரு ரவுட்டரின் முகவரியைக் கொடுத்தால் அது எங்கே இருக்கிறது என்று ஆப்பிளின் சேவை சொல்லிவிடும். கேட்காமலே அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் 400 வரைக்கும் சேர்த்துச் சொல்லும். கேட்பவர் யார் என்ற விசாரணை இல்லை. ஓராண்டில் அவர்கள் இருநூறு கோடிக்கும் மேற்பட்ட ரவுட்டர்களின் இருப்பிடத்தைத் திரட்டிவிட்டார்கள். உக்ரைன் போர்முனைக்குள் போய்வந்த ஸ்டார்லிங்க் கருவிகளின் நடமாட்டமும் அதில் தெரிந்தது.

அந்தரங்கத்துக்காகக் காசு கொடுத்து வாங்கிய பயண ரவுட்டர், ஊருக்கு ஊர் ஒரே முகவரியைக் கூவிக்கொண்டு வருகிறது. அதன் எண்ணை ஒருமுறை குறித்துக்கொண்டவர், உதாரணமாகப் பழைய அறைத்தோழரோ பிரிந்துபோன கணவரோ, அது ஓரிடத்தில் சில நாள் தங்கினால் எந்த ஊர் என்று வீட்டிலிருந்தே பார்த்துவிட முடியும். இதற்கு மாற்றாக, வைஃபையின் பெயருக்குப் பின்னால் ‘அண்டர்ஸ்கோர் நோமேப்’ என்ற வாலைச் சேர்த்தால் தரவுத்தளத்தில் சேர்ப்பதில்லை என்று கூகுள் முன்பே சொல்லியிருந்தது. 2024இல் ஆப்பிளும் ஏற்றது. வேடிக்கை என்னவென்றால், சாதாரண போனின் ஹாட்ஸ்பாட் பெரும்பாலும் தன் முகவரியைத் தானே மாற்றிக்கொள்கிறது. ஒற்றை ஆளுக்குத் தனி ரவுட்டரைவிடக் கையிலிருக்கும் போனே இந்த விஷயத்தில் மேல்.

வேறொரு விஷயத்தில் போன் மேல் அல்ல. *#06# என்று தட்டினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண், போன் தொலைந்தால் போலீசில் கொடுப்பதற்கென்று மட்டுமே பலரும் அறிந்தது. சிம்மின் எண்ணோடு இந்த எண்ணும் செல்பேசி நிறுவனத்திடம் போகிறது. புது சிம் வாங்கிப் பழைய போனில் போட்டால் இரண்டும் ஒரே பதிவில் முடிச்சாகிவிடும். ஐஎம்இஐயை மாற்றும் மென்பொருள், சிம் போடும் சில பயண ரவுட்டர்களுக்கு உண்டு. அதை இந்தியாவில் செய்வது குற்றம். 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். அழைப்பு, ஐபி விவரங்களைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதிகளும் திருத்தப்பட்டன.

இந்தப் பதிவுகள் எவ்வளவு பேசும்? ஜெர்மனியின் பசுமைக் கட்சிக்காரர் மால்ட்டே ஸ்பிட்ஸ், தன்னைப் பற்றி வைத்திருப்பதைக் கொடு என்று டாய்ச்ச டெலிகாமுடன் வழக்காடி ஆறு மாதத் தரவை வாங்கினார். 35,000 வரிகளுக்கு மேல். 2011இல் ஸைட் பத்திரிகை அதை வரைபடத்தில் ஓடவிட்டது. எந்த ரயிலில் போனார், எங்கே தூங்கினார், எந்த ஊர்வலத்தில் நின்றார் என்று எல்லாம் தெரிந்தது. பேச்சு ஒரு சொல்கூட அதில் இல்லை. 2013இல் டி மாண்ட்ஜாய் என்ற ஆய்வாளரின் குழுவினர் 15 லட்சம் பேரின் பதினைந்து மாத டவர் பதிவுகளை ஆராய்ந்தனர். பெயரை நீக்கிவிட்டாலும், இடமும் நேரமுமாக நான்கு புள்ளிகள் தெரிந்தால் 95 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணலாம் என்றனர். ஊர் ஊராகப் போகிறவருக்கு நான்குகூட வேண்டியிருக்காது. மதுரையில் காலையும் ஜெய்ப்பூரில் மாலையும் இருந்தவர்கள் எத்தனை பேர்?

ரகசியத்துக்கென்று இரண்டாவது போன் வைத்துக்கொள்வதும் இதே பள்ளத்தில்தான் விழுகிறது. சொந்த போனும் ரகசிய போனும் ஒரே பையில் போனால், டவருக்கு டவர் இரண்டும் சேர்ந்தே நகரும். இப்படிச் சேர்ந்து நகரும் எண்களைத் தேடவே அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ தனிக் கருவி வைத்திருந்தது. அதன் பெயரே கோ-டிராவலர். 2013 டிசம்பரில், எட்வர்ட் ஸ்னோடன் கசியவிட்ட என்எஸ்ஏ ஆவணங்களை வைத்து வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்ட செய்தி அது.

வெளிநாட்டில் சிம் விவகாரம் இன்னும் விசித்திரம். சென்னையில் வாங்கிய சிம்மைச் சீனாவில் ரோமிங்கில் போட்டால் வாட்ஸ்அப் திறக்கும். காரணம், தரவு முழுதும் இந்திய நிறுவனத்துக்குத் திரும்பி வந்து அங்கிருந்துதான் இணையத்துக்குள் போகிறது. மலிவான பயண இ-சிம்களிலும் இதே வேலைதான், ஆனால் எந்த நாட்டுக்குத் திரும்புகிறது என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் சோதித்தபோது, பயணிக்குச் சம்பந்தமே இல்லாத மூன்றாம் நாட்டின் வழியே தரவு போவதைக் கண்டார்கள். சிலவற்றில் அந்த நாடு சீனா.

கருவிகளை விடுவோம், நாமே கொடுப்பது என்று ஒன்று இருக்கிறது. ஆன்ட்டி-வைரஸ் மென்பொருளுக்குத் தன் பெயரையே வைத்த ஜான் மெக்காஃபி, 2012இல் பெலிஸ் நாட்டுப் போலீசுக்குத் தப்பி ஓடிக்கொண்டிருந்தார். கூடப் போன வைஸ் பத்திரிகைக்காரர்கள் டிசம்பர் 3 அன்று பெருமையாக ஒரு படம் போட்டார்கள். ஐபோனில் எடுத்த அந்தப் படக் கோப்புக்குள் அட்சரேகையும் தீர்க்கரேகையும் அப்படியே இருந்தன: குவாத்தமாலா. இரண்டு நாளில் பிடிபட்டார். செயலிகள் விற்கும் இருப்பிடத் தரவு இன்னொரு வழி. போகிற ஊரில் தொழுகை நேரமும் கிப்லா திசையும் காட்டும் முஸ்லிம் புரோ செயலியின் தரவு எக்ஸ்-மோட் என்ற தரகு நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து அமெரிக்க ராணுவ ஒப்பந்தக்காரர்களுக்குப் போனதை 2020 நவம்பரில் மதர்போர்டு இதழ் வெளிக்கொணர்ந்தது. அந்தச் செயலியை வைத்துக்கொண்டு விபிஎன்னும் போட்டிருந்தவருக்கு விபிஎன் என்ன செய்திருக்கும்? ஒன்றுமில்லை. இருப்பிட அனுமதியை அணைத்திருந்தால் பலன் இருந்திருக்கும்.

மிகையான பாதுகாப்பும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பதற்கு 2013 டிசம்பரின் ஹார்வர்டு சம்பவம் நல்ல பாடம். தேர்வைத் தள்ளிப்போட ஒரு மாணவர் வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினார். தற்காலிக மின்னஞ்சல், மூன்று இடைச்சர்வர்கள் வழியே ஆளை மறைக்கும் டோர் என்று எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தார். டோரின் மறைகுறியை யாரும் உடைக்கவில்லை. அந்த நேரத்தில் பல்கலைக்கழக வலையில் டோர் பயன்படுத்தியவர்கள் யார் என்று மட்டும் பார்த்தார்கள், ஆள் சிக்கிவிட்டார். பலர் செய்வதைச் செய்யும்போதுதான் டோர் மறைக்கும். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகை, வெளியே நீட்டிய ஆன்டெனா, திறந்த வயர்கள் என்று ஆசையாகக் கட்டிய கையடக்கக் கணினியோடு விமான நிலையச் சோதனையில் நிற்பவருக்கும் இதுவே கதி. இந்தியாவில் துரயா, இரிடியம் செயற்கைக்கோள் போன்களை அனுமதியின்றிக் கொண்டுவருவது குற்றம் என்று தெரியாமல், மலையேறும் வெளிநாட்டவர் சிலர் தங்கள் அவசரத் தொடர்புக் கருவியோடு விமான நிலையத்தில் பிடிபட்டிருக்கிறார்கள்.

லாட்ஜ் ரிசப்ஷனில் கதை நேர்மாறு. அறையில் விபிஎன், ரவுட்டர் என்று ஜாக்கிரதையாக இருப்பவர், கீழே ஆதார் ஜெராக்ஸை யோசிக்காமல் நீட்டிவிட்டுத்தான் மேலே வந்திருப்பார். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று 2022 மே மாதம், ஆதார் வழங்கும் யுஐடிஏஐயின் பெங்களூரு அலுவலகம் அறிவித்தது. இரண்டே நாளில் மத்திய அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. மறைத்த ஆதார் இன்றும் செல்லும். ரிசப்ஷனில் இருப்பவர் ஏற்பாரா என்பது அவரவர் வாய்ச்சாமர்த்தியம். சார்ஜ் போடும் யுஎஸ்பி துளை வழியே தகவல் திருட்டு என்று அடிக்கடி வரும் எச்சரிக்கையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சொந்த சார்ஜரைச் சுவரில் செருகினால் தீர்ந்தது.

எல்லைச் சாவடிதான் மெய்யான சோதனை. அமெரிக்காவுக்குள் நுழைந்தவர்களில் சுமார் 47,000 பேரின் கருவிகள் 2024 நிதியாண்டில் சோதிக்கப்பட்டன. வந்தவர்களில் பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவு. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டம், ஏழாம் அட்டவணைப்படி பாஸ்வேர்டு கேட்க அதிகாரம் தருகிறது. மறுத்த ஒருவருக்கு 2017இல் தண்டனையும் கிடைத்தது. நியூசிலாந்தில் 2018 முதல் மறுப்புக்கு 5,000 நியூசிலாந்து டாலர் வரை அபராதம். இங்கே என்கிரிப்ஷன் பெரிதாக உதவாது, திறக்கச் சொல்லித்தான் கேட்கிறார்கள். திறந்திருக்கும்போது பிடுங்கினாலும் அதே கதைதான். 2013 அக்டோபரில் சில்க் ரோடு என்ற இணையக் கள்ளச்சந்தையை நடத்திய ராஸ் உல்பிரிக்ட், சான் பிரான்சிஸ்கோவின் கிளென் பார்க் நூலகத்தில் அங்கிருந்த வைஃபையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஓர் ஆணும் பெண்ணும் சண்டை போடும் சத்தம். அவர் திரும்பிய நொடியில் திறந்த லேப்டாப் எதிரே இருந்தவர் கைக்குப் போய்விட்டது. சண்டை போட்டவர்களும் எடுத்தவரும் எஃப்பிஐ ஆட்கள்.

இதனால்தான் சில நிறுவனங்கள் வெளிநாடு போகும் ஊழியருக்கு வெறும் லேப்டாப் ஒன்றைக் கொடுத்தனுப்பி, போய்ச் சேர்ந்தபின் வேண்டியதை இறக்கிக்கொள்ளச் சொல்கின்றன. இருக்கிற யோசனைகளில் எனக்குப் பிடித்தது இதுதான். சொந்த போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவது இதன் அடுத்த படி. அமெரிக்கர் ஒருவருக்கு அது முடியும். நம்மவருக்கு வங்கி, யுபிஐ, டிஜிலாக்கர் எல்லாம் ஒரே எண்ணில் தொங்குகின்றன. 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை, வாட்ஸ்அப் போன்ற செயலிகள் கணக்குக்குரிய சிம் போனுக்குள் இருந்தால்தான் இயங்க வேண்டும், கணினியில் திறந்த வாட்ஸ்அப்பை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியேற்ற வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஆகவே சிங்கப்பூரிலோ துபாயிலோ இறங்குகிறவர் உள்ளூர் சிம்மை ஒரு பக்கம் போட்டாலும், ஓடிபிக்காக ஊர் சிம்மை இன்னொரு பக்கம் வைத்தே ஆக வேண்டும். டேட்டாவை அணைத்தாலும் அந்த சிம் அங்குள்ள டவரில் பதிவாகும். எந்த நாட்டில் எந்த நிறுவனத்தின் வலையில் இருக்கிறார் என்ற செய்தி உடனே இந்திய நிறுவனத்துக்கு வந்துவிடும். அமைப்புகளில் போய் அந்த சிம்மை அணைத்துவைத்து, ஓடிபி வேண்டும்போது மட்டும் ஐந்து நிமிடம் போட்டு எடுக்கலாம். பதிவில் அந்த ஐந்து நிமிடங்கள் மட்டும் ஏறும்.